கொபேகாக் குகைக்குக் கையெழுத்து இல்லை

அத்தியு தீவு,
ஞாயிறு, ஆராதனை முடிந்து.

அண்ணன் பையேரேவுக்கு, தம்பி மொகோரோவா எழுதுவது.

நலமா என்று கேட்கப்போவதில்லை. ஆக்லாந்தில் நீ நலமாக இருப்பதை அண்ணி அனுப்பும் படங்களில் ஊரே பார்க்கிறது. அம்மாவின் அடக்கத்துக்கு வர விமானத்தில் இடம் கிடைக்காத நீ, நம் குகைக்குள் படிக்கட்டும் மின்விளக்கும் போட்டு வெளியூர்க்காரர்களுக்குக் காட்ட ஆள் பிடித்திருக்கிறாய். என் கையெழுத்துக்காகக் காகிதம் வந்தது. போடமாட்டேன். அம்மா விஷயம் வேறு. இது அந்தக் குகையில் கூடு கட்டும் கொபேகாப் பறவைக்காக.

அங்கே பறவையே இல்லை என்று உன் மைத்துனன் துத்தாய் உனக்குச் சொன்னானாம். அவன் போனது உச்சிவெயிலில். அந்நேரம் அவை வெளியே பூச்சி பிடித்துக்கொண்டிருக்கும். குகை வாயிலில் நாலு மைனாவைப் பார்த்துவிட்டுத் திரும்பியவன், துமுனுக் கொட்டகையில் மதுச் சிரட்டை சுற்றி வரும்போது எல்லார் முன்னாலும் கேட்டான்: "ஏன்யா வாத்தியாரே, இல்லாத குருவிக்குப் பாடம் எடுக்கிறியா? அண்ணன் நல்லா வந்தா உனக்கு வயிறு எரியுது, அதானே?" யார் யார் சிரித்தார்கள் என்பது எனக்கு நினைவிருக்கிறது.

மறுநாள், அவை கூடு திரும்பும் சாயங்காலத்தில் அவனை இழுத்துப்போனேன். பெரிய விளக்கைப் பிடித்துக்கொண்டு உள்ளே நின்றான். தலைக்கு மேல் நிழல்கள் சத்தமில்லாமல் போயின.

"வவ்வால்தான்யா" என்றான்.

"நம்ம தீவுல ஏதுடா வவ்வால்? முதல்ல விளக்க அணை" என்றேன்.

அணைத்தான். அண்ணா, அப்புறம்தான் தொடங்கியது. எல்லாப் பக்கமும் டிக் டிக் டிக் என்று, ஊரே கூடி நாக்கைச் சொடுக்குவது போல. வெளிச்சம் இருந்தால் அதற்குக் கண்ணே போதும். இருட்டில்தான் இப்படிச் சத்தம் எழுப்பி, பாறையில் பட்டுத் திரும்புவதைக் கேட்டுப் பறக்கிறது. அத்தனை இரைச்சலுக்கு நடுவே ஒவ்வொன்றும் தன் எதிரொலியைப் பிரித்தெடுத்து, எச்சிலால் ஒட்டிய தன் கூட்டில் போய்த் தொற்றிக்கொள்கிறது. பகல் முழுக்க எங்கும் உட்காராத பறவை. அதன் கால் கிளையைப் பற்றாது. இந்தக் குகைச் சுவர் மட்டும்தான் அதற்குத் தரை. வேறெந்தத் தீவிலும் அது இல்லை. நான் நிறையப் படித்தவன், பெரிய மனிதர்கள் பலரைப் பார்த்தவன். இந்த உள்ளங்கைப் பறவை முன்னால் சிறியவனாக நின்றதுபோல் யார் முன்னாலும் நின்றதில்லை.

துத்தாய் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தான். நான் அவனிடமிருந்த விளக்கைத் தடவித் தேடியபோது, "போடாதய்யா. கொஞ்ச நேரம் இரு" என்றான். திரும்பும் வழியில், "அத்தான்கிட்ட நீயே எழுதிடு. எனக்கு வாய் வராது" என்றான். அதனால்தான் எழுதுகிறேன். இல்லாவிட்டால் உனக்கு எழுத எனக்கு என்ன இருக்கிறது?

எப்போதும் விளக்கு எரிந்தால் அவை போய்விடும் என்று பயப்படுகிறேன். போக வேறு இடமும் இல்லை. தம்பி என் பிழைப்பில் மண்ணைப் போடுகிறான் என்று நீ நினைப்பாய். நினைத்துக்கொள்.

ஒரு வேண்டுகோள். இனி ஆளையோ காகிதத்தையோ அனுப்பாதே, நீயே வா. ஒரு சாயங்காலம் அங்கே என்னோடு நில். அந்த இருட்டில் பக்கத்தில் நிற்பவன் முகம் தெரியாது. நாம் இருவரும் சேர்ந்து நிற்க, இந்தத் தீவில் வேறு இடம் எனக்குத் தோன்றவில்லை.

பயணம் உனக்கு அலைச்சலில்லாமல் இருக்கட்டும்.

உன் தம்பி,
மொகோரோவா