பார்க்காத கால்

மார்ச் 4, செவ்வாய்

அவசரப் பிரிவில் இன்று முப்பத்தொரு பேர். உட்கார நேரமில்லை. வகுப்பில் படம் வரைந்துகொண்டிருந்தபோதே மயங்கி விழுந்த ஓவிய வாத்தியார் ஒருவர், வயது நாற்பத்தொன்று. வந்து சேரும்போதே தெளிந்துவிட்டார். "நடிக்கிறேன்னு நினைச்சுப் பசங்க கைதட்டினாங்க டாக்டர்" என்றார். இசிஜி, ரத்த அழுத்தம், சர்க்கரை எல்லாம் சரி. நாடித்துடிப்பு மட்டும் நூற்றுநான்கு. பயத்தில் இருக்கும் என்று விட்டுவிட்டேன். "ஒரு வாரமா இடது கெண்டைக்கால் வலிக்குதுன்னு சொல்றாரு" என்றார் அவர் மனைவி. "நாள் பூரா நிக்கிற வாத்தியாருக்குக் கால் வலிக்காம இருக்குமா?" என்றேன். மூன்று பேரும் சிரித்தோம். சாதாரண மயக்கம் என்று எழுதி வீட்டுக்கு அனுப்பினேன்.

மார்ச் 6, வியாழன்

அதே வாத்தியார். வீட்டு மாடிப்படியில் விழுந்திருக்கிறார். ஆம்புலன்ஸிலேயே இதயம் நின்றுவிட்டது. பதினெட்டு நிமிடம் மாறி மாறி நெஞ்சை அழுத்தினோம். எக்கோ ஸ்கேனில் இதயத்தின் வலது பக்கம் ஊதிப்போயிருந்தது. காலில் உறைந்த ரத்தம் கழன்று போய் நுரையீரலை அடைத்திருக்கிறது. செவ்வாய்க்கிழமை மயக்கமும் அதனால்தான். அது முதல் துண்டு. கட்டியைக் கரைக்கும் மருந்து போட்டோம். துடிப்பு திரும்பியது. நினைவு திரும்பவில்லை.

நர்ஸ் அக்கா கத்தரியால் பேண்ட்டை வெட்டினார். இடது கெண்டைக்கால் வலதைவிட இரண்டு விரற்கடை தடிப்பு.

நான் பார்க்கவே இல்லை. பேண்ட்டை மடிச்சுப் பார்க்க அரை நிமிஷம் ஆகியிருக்குமா?

மார்ச் 7

சாப்பாடு இறங்கவில்லை. வீட்டுக்காரர் கேட்டதற்குத் தலைவலி என்றேன்.

மார்ச் 8, சனி

தூக்க மருந்தை நிறுத்தியும் வாத்தியார் கண் திறக்கவில்லை. ஐசியூ வாசலில் அவர் மனைவி என்னைப் பிடித்துக்கொண்டார். "அன்னைக்குக் கால் வலின்னு நான் சொன்னேன்ல டாக்டர்?" குரலில் கோபம் இல்லை. தான் சொன்னோமா இல்லையா என்று அவருக்கே சந்தேகம் வந்த மாதிரி கேட்டார். உள்ளே கூப்பிடுகிறார்கள் என்று நகர்ந்துவிட்டேன். யாரும் கூப்பிடவில்லை.

மார்ச் 10, திங்கள்

நாளை அவருடைய கேஸ் ஷீட் தலைமை டாக்டர் மேசைக்குப் போகிறது. என்கூடப் படித்தவன், இங்கேயே வேலை செய்பவன், காலையில் தனியாகக் கூப்பிட்டான். "'கால்களில் வீக்கம் இல்லை'ன்னு ஒரு வரி சேர்த்துடு. அப்புறம்தான் வீங்குச்சுன்னு போயிடும். உன் கையெழுத்து, உன் பேனா. யாருக்குத் தெரியப்போகுது?" கெட்டவன் இல்லை. என் வேலை தப்பட்டும் என்றுதான் சொன்னான்.

மதியம் ஆவண அறைக்குப் போனேன். என் கையெழுத்துக்கு மேலே ஒரு வரிக்கு இடம் இருந்தது. 'கால்களில்' என்று எழுதியும்விட்டேன். கை ஓடவில்லை. பிறகு எழுதினேன்: 'கால்களில் வலி என்று மனைவி சொன்னார். நான் பரிசோதிக்கவில்லை.' பக்கத்தில் இன்றைய தேதி.

நேரே ஐசியூ வாசலுக்குப் போய் வாத்தியார் மனைவியிடம் சொன்னேன். "செவ்வாய்க்கிழமையே கண்டுபிடிச்சிருக்கலாம்மா. நீங்க சொன்னீங்க. நான் காலைப் பார்க்கல."

"இங்கேருந்து போயிடுங்க" என்றார்.

மார்ச் 11

வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "வேலை போயிடுமா?" "போகலாம்." "அவர் பிழைப்பாரா?" "தெரியல."

மார்ச் 13, வியாழன்

கண் திறந்துவிட்டாராம். நர்ஸ் அக்கா போனில் சொன்னார். கொஞ்சம் தயங்கி, "வலது கை மட்டும் எழும்பல" என்றார். கட்டியைக் கரைத்த மருந்தால் மூளையில் சிறு ரத்தக்கசிவு.

வரையற கை.

குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

மார்ச் 27, வியாழன்

விசாரணை முடிந்தது. அந்த அம்மா புகார் கொடுத்திருந்தார், கொடுக்கத்தான் வேண்டும். ஆறு மாதத்துக்கு எனக்கு அவசரப் பிரிவு இல்லை, புறநோயாளிகள் பிரிவுதான். வாத்தியாரைப் போல மயங்கி விழுந்து வந்து, சமீபத்தில் நாங்கள் வீட்டுக்கு அனுப்பிய நாற்பது பேரின் தாள்களையும் எடுத்துப் பார்த்தார்களாம். பதினேழில் காலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அதில் ஆறு என் கையெழுத்து.

கூடப் படித்தவன் என்னைப் பார்த்தால் வேறு பக்கம் திரும்பிக்கொள்கிறான்.

அந்த ஆறு பேரும் எப்படி இருக்காங்க? இருக்காங்களா?

ஏப்ரல் 2

அந்தப் பதினேழு பேருக்கும் போன் செய்து வரச் சொல்கிறார்கள். என் ஆறு பேரில் ஐந்து பேர் எடுத்தார்கள். நல்லாயிருக்காங்க. ஒரு நம்பர் உபயோகத்தில் இல்லை.

ஏப்ரல் 16, புதன்

இன்று என் அறைக்கு வாத்தியாரும் அவர் மனைவியும் வந்தார்கள். வாத்தியார் ஊன்றுகோலோடு மெல்ல நடக்கிறார். நான் எழுந்துவிட்டேன். "பக்கத்து ரூம் டாக்டர்கிட்ட அனுப்பறேன்" என்றேன்.

அந்த அம்மா உட்கார்ந்துவிட்டார். ரத்தம் உறையாமலிருக்கத் தந்த மாத்திரை அட்டையை மேசையில் வைத்தார். "எத்தனை மாசம் போடணும், எதைப் பார்த்துப் பயப்படணும்? ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க. நீங்க சொல்லுங்க. உங்க மேல இருக்கற கோபம் போகல. ஆனா நீங்க மறைக்க மாட்டீங்க."

ஒவ்வொன்றாகச் சொன்னேன். கை எவ்வளவு தேறும் என்று கேட்டபோது, எனக்குத் தெரியாது என்றேன். அந்த அம்மா எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். தாள் நகராமல் வாத்தியார் இடது கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார்.