சரிங்க மேடம் என்று சொல்லிவிட்டு வந்தவனுக்கு

மேக்கன், ஜார்ஜியா
செவ்வாய்க்கிழமை

அன்பு மகன் ரோமெலுக்கு,

கர்த்தர் கிருபையால் இங்கே எல்லோரும் நலம், என் ரத்தக் கொதிப்பைத் தவிர. ஞாயிற்றுக்கிழமை நீ போன் பண்ணியதிலிருந்து அது இறங்கவில்லை. உன் அப்பா வறுத்த கெளுத்தி மீனை அப்படியே தள்ளிவிட்டு எழுந்து போனார். போனில் திட்டினால் சரிம்மா என்று சொல்லி வைத்துவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன்.

என்ன படிக்கலாம் என்று பிள்ளைகளுக்கு வழிகாட்டத்தான் அந்த ஹால்டேன் அம்மாளுக்குக் கல்லூரி சம்பளம் கொடுக்கிறது. அவளோ உன் மதிப்பெண் பட்டியலைத் திறந்துகூடப் பார்க்காமல் எந்த அணியில் ஆடுகிறாய் என்று கேட்டாளாம். சின்ன வயதில் ஐஸ்கிரீம் வண்டியைத் துரத்தி மூச்சிரைத்து ஆஸ்பத்திரியில் கிடந்தவன் நீ. உன்னிடம் போய், "உங்க பசங்களுக்கு வேதியியல் ரொம்பக் கஷ்டம்ப்பா, உன் உடம்புக்கு விளையாட்டுப் பயிற்சிப் படிப்புதான் பொருந்தும்" என்றாளாம். உங்க பசங்க என்றால் யார்? கறுப்புத் தோலைப் பார்த்ததும் அவளுக்கு எல்லாம் தெரிந்துவிட்டதோ? அவள் நாக்கு அழுகட்டும். பாஸ்டர் கேட்டால் நான் இப்படி எழுதவில்லை என்று சொல்லிவிடு. என் மாத்திரை ஒவ்வொன்றும் எதற்கென்று பள்ளிக்கூட வயதிலேயே எனக்குச் சொல்லித் தந்தவன், மருந்தாளுநர் ஆவேன் என்று சர்ச்சில் எழுந்து நின்று சொன்னவன், வேதியியலை விட்டுவிடுகிறேன் என்று அவளிடம் தலையாட்டிவிட்டு வந்திருக்கிறாய். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. ஏன்டா என்று கேட்டதற்கு, "நீங்கதானேம்மா அப்படிச் சொல்லிக் கொடுத்தீங்க" என்றாய்.

ஆமாம், சொல்லிக் கொடுத்தேன். போலீஸ் உன் காரை நிறுத்தினால் இரண்டு கையையும் ஸ்டியரிங் மேல் வை, வாதாடாதே, சரிங்க சார் என்று மட்டும் சொல் என்றேன். இப்போதும் அதையேதான் சொல்வேன். ஆனால் அவள் இடுப்பில் துப்பாக்கியா இருந்தது? மேசைக்கு எதிரில் கையை மடியில் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாயாமே. அந்தப் பாடம் நீ உயிரோடு வீடு வந்து சேர்வதற்கு, படிப்பைத் தொலைத்துவிட்டு வருவதற்கு அல்ல.

அந்த முடிவை மாற்றுவதற்கு அடுத்த வெள்ளிக்கிழமை வரை நேரம் இருக்கிறது என்றாயே. இது கிடைத்த அன்றே அவளிடம் போ. மதிப்பெண் பட்டியலைத் திறக்கச் சொல், அவள் திறக்கும்வரை எழுந்திருக்காதே. முடியாது மேடம் என்று வாய் திறந்து சொல். கையை எங்கே வேண்டுமானாலும் வைத்துக்கொள்.

கர்த்தர் உன்னைக் காப்பார். அங்கே பனி கொட்டுகிறதாம், மூச்சுக்கான மருந்தைப் பையிலேயே வைத்திரு. அவளிடம் பேசிவிட்டு எனக்குப் போன் பண்ணு. சரிம்மா என்பதை என்னிடம் மட்டும் சொன்னால் போதும்.

உன் மேல் தீராத கோபத்தோடும் அதைவிடத் தீராத பாசத்தோடும்,
அம்மா வெர்னெட்டா