நாலு விரல் தாழ்ந்த வண்டி

காக்கா, மாதா கோயில் தங்கத்தேர் ஓடியதே, அந்த வருஷம் மார்கழியில்தான் ஊருக்குள் வெள்ளம் வந்தது. உப்பளம் எது, தெரு எது என்று தெரியாமல் தண்ணீர் நின்றது. உங்கள் பழைய கார் கூரை மட்டும் தெரிய முங்கிக் கிடந்தது. வெள்ளம் வடிந்து வந்த கோடையில் நீங்கள் அந்த உயர வண்டியை வாங்கினீர்கள். எனக்கு எழுத்து தெரியாது, வருஷத்தை எண்ணிலும் சொல்லத் தெரியாது. இப்படித்தான் எதற்குப் பின்னால் எது வந்தது என்று வைத்திருக்கிறேன். இதையும் நான் சொல்லச் சொல்ல என் மருமகள்தான் எழுதுகிறாள்.

இப்போது ஏன் சொல்ல வந்தேன் என்றால், இன்று காலை தெருமுனைப் பஞ்சர் கடையில் கம்ப்ரசரை ஓடவிட்டார்கள். டீசல் புகையும் சூடான ரப்பர் வாடையும் வாசல் வரை வந்தன. கொஞ்ச நேரம் ஓடிவிட்டுச் சட்டென்று நின்றது. நான் வழக்கம்போல மூச்சைப் பிடித்துக்கொண்டேன். பிறகு நீங்கள் சொன்னது நினைவுக்கு வந்து, மெதுவாக விட்டேன்.

நான் சங்கு குளித்தவன் என்பது உங்களுக்குத் தெரியும். என் காலுக்கு என்ன ஆனது என்று நீங்கள் ஒருநாளும் கேட்டதில்லை. ஊர்க்காரர்கள் சொல்லியிருப்பார்கள். தோணியில் கம்ப்ரசர் ஓடும், அதிலிருந்து வரும் குழாயை வாயில் கவ்விக்கொண்டு நாங்கள் கீழே இறங்குவோம். மேலே இருக்கிறவன் குழாயைக் கையில் பிடித்திருப்பான். ரெண்டு இழுப்பு இழுத்தால் தூக்கு என்று அர்த்தம். அன்றைக்கு நான் பத்துப் பாகம், பத்து ஆள் ஆழத்துக்குக் கீழே, கை நிறையச் சங்கோடு இருந்தேன். பெல்ட் அறுந்து கம்ப்ரசர் நின்றுவிட்டது. தண்ணீருக்குள் அந்தச் சத்தம் உடம்பிலேயே ஓடிக்கொண்டிருக்கும். அது நின்றால் காதுக்குத் தெரிவதற்கு முன் நெஞ்சுக்குத் தெரிந்துவிடும். ரெண்டு இழுப்பு இழுத்தேன். மேலே இருந்தவன் சூசை. உயிர் போய்விடக் கூடாதே என்று ஒரே மூச்சில் இழுத்துப் போட்டான். அந்த ஆழத்திலிருந்து அப்படி வேகமாக வரக் கூடாது; ரத்தத்தில் காற்று கட்டி நரம்பை அடித்துவிடும். உயிர் தங்கியது. இடுப்புக்குக் கீழே மரத்துப்போனது போனதுதான்.

அதற்குப் பிறகு சங்கு அடுக்கி வைக்கிற கிட்டங்கியில் உட்கார்ந்த இடத்தில் தரம் பிரிக்கிற வேலை. கக்கத்தில் ரெண்டு கட்டையை ஊன்றிக்கொண்டு பஸ் நிறுத்தத்தில் நின்றவனைப் பார்த்து ஒரு மழைநாளில் நீங்கள் வண்டியை நிறுத்தினீர்கள். “ஹார்பர் கேட்டுக்குத்தான் போறேன், ஏறுங்க அண்ணாச்சி” என்றீர்கள். உங்கள் ஆட்கள் அண்ணனைக் கூப்பிடுகிற மாதிரி நான் உங்களைக் காக்கா என்றேன். நம் இரண்டு பேரில் யார் மூத்தவர் என்பதைக் கடைசி வரை நாம் தீர்க்கவே இல்லை. அன்றிலிருந்து தினமும் காலையில் என் வாசல், பிறகு கிட்டங்கி, அதற்குப் பிறகுதான் நீங்கள் வாடகைக்கு ஏற்றுகிற கப்பல்காரர்கள். பழைய கார் தாழ்வானது. கதவைத் திறந்து முதுகைத் திருப்பி, பொத்தென்று உட்கார்ந்து, காலைக் கையால் எடுத்து உள்ளே வைத்துக்கொள்வேன். யார் கையும் என் மேல் படாது. அதுதான் எனக்குப் பெரிசு.

உயர வண்டியில் அது நடக்கவில்லை. சீட்டு என் இடுப்புக்கு மேலே வந்தது. நீங்கள் கக்கத்தில் கை கொடுத்துத் தூக்க வேண்டியதாயிற்று. கிட்டங்கி வாசலில் இறக்கும்போது எதிர் டீக்கடையில் இருந்த ஒருவன், “ஏலே, உப்பு மூடை எறங்குது பாரு” என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நீங்கள் கேட்காத மாதிரி என் கட்டையை எடுத்துக் கொடுத்தீர்கள். ஆனால் காதில் விழுந்திருக்கிறது. அந்த வாரமே என்னையும் ஏற்றிக்கொண்டு செல்வத்தின் ஒர்க்‌ஷாப்புக்குப் போனீர்கள்.

வண்டியில் ஷாக் அப்சார்பர் எப்படியும் செத்துக் கிடந்தது; மாற்றத்தான் வேண்டும். எதைப் போடுவது என்பதில்தான் உங்களுக்கும் செல்வத்துக்கும் வாக்குவாதம். எனக்கு ஒவ்வொரு சொல்லும் நினைவிருக்கிறது.

“காயில்ஓவர் போட்டுருங்க காக்கா. கம்பிச் சுருளு, நடுவுல ஷாக்கு. கழுத்துல வளையம் இருக்கு, ஸ்பேனர் வச்சித் திருவுனா ஏறும், எறங்கும். வச்ச எடத்துல நிக்கும். தெனம் ஓடுத வண்டிக்கு அதான் லாயக்கு.”

“தெனம் ஓடுத வண்டின்னுதான்வே நானும் சொல்லுதேன். காயில்ஓவர்ல எறக்கி வச்சா எறக்கி வச்சதுதான். லாரி போற ரோட்டுல வயிறு தட்டும். ஏர் சஸ்பென்ஷன்னா நிக்கும்போது மட்டும் எறங்கும். பட்டன அமுக்குனா எந்திரிச்சிரும். துபாய்ல ஷேக்கு வண்டியெல்லாம் நான் பாத்திருக்கேன், ஒட்டகம் மாதிரி மண்டி போடும்.”

“துபாய்ல உப்புக்காத்து இல்ல காக்கா. இங்கன குழாய்ச் சந்தெல்லாம் துரு ஏறும். ஒருநா காலைல வந்து பாப்பீங்க, காத்து எறங்கி வண்டி தரையில படுத்துக் கெடக்கும். ஒட்டகம் எந்திரிக்காது. பேசாம ஒரு ஸ்டெப்பு வச்சிருவமா?”

“காலத் தூக்க முடிஞ்சா அவருக்கு எதுக்குவே ஸ்டெப்பு? மரத்துல ஏறி தேங்கா பறிச்சிருவாரே!”

நானும் சிரித்தேன். எனக்காகத்தான் இத்தனையும் என்று அப்போதுதான் உறைத்தது. சிரிப்பு பாதியில் நின்றது.

செல்வத்தின் பட்டறையில் வேறு ஒருவரின் கார், ஏர் பொருத்தி முடித்து நின்றது. “அதுல ஒரு சுத்துச் சுத்திப் பாருங்க” என்று சாவியைக் கொடுத்தான். வண்டி புஸ்ஸென்று தாழ்ந்து என் இடுப்புக்கு வந்தது. நானே உட்கார்ந்தேன். உங்கள் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்தேன். பிறகு நீங்கள் பட்டனை அமுக்கினீர்கள். சீட்டுக்குப் பின்னால் கம்ப்ரசர் ஓட ஆரம்பித்தது.

அந்தச் சத்தம் எனக்குள் எங்கே இருக்கிறது என்று நீங்கள் யோசிக்கவில்லை. நானும் யோசிக்கவில்லை. வண்டி எழுந்தது. பைபாஸ் பக்கம் போனோம். காற்று குறைந்தால் அது ஓடும், நிறைந்தால் நிற்கும். ஒரு வேகத்தடை தாண்டினதும் ஓடி, சட்டென்று நின்றது. அவ்வளவுதான். நான் வண்டியில் இல்லை. வாயை இறுக்கி மூடிக்கொண்டு, நெஞ்சுக்குக் குறுக்கே இருந்த பெல்ட்டைப் பிடித்து ரெண்டு இழுப்பு இழுத்தேன். மறுபடி ரெண்டு. மறுபடி ரெண்டு.

“அண்ணாச்சி, என்னாச்சி? அண்ணாச்சி!” என்று ஓரங்கட்டினீர்கள். மூச்சு வந்தபோது வேட்டி நனைந்திருந்தது. யாரோ முன்பின் தெரியாதவரின் புது சீட்டும் நனைந்திருந்தது. நீங்கள் பார்த்துவிட்டீர்கள். என் தோளில் கையை வைத்து, “ஒண்ணுமில்ல. அது நின்னா நெறஞ்சிட்டுன்னு அர்த்தம் அண்ணாச்சி. காத்து போயிட்டுன்னு இல்ல” என்றீர்கள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? தெரியும், உங்களிடம்தானே சொன்னேன். “கைய எடும். காத்துல நிக்குத வண்டியில எம் பொணங்கூட ஏறாது” என்றேன். நம் பழக்கத்தில் உங்களை நான் அப்படிப் பேசியதே இல்லை.

பட்டறையில் நீங்களே வாளியும் துணியும் வாங்கி அந்த சீட்டைத் துடைத்தீர்கள். செல்வம் எட்டிப் பார்த்தான். “எந் தண்ணி பாட்டில் கொட்டிட்டுவே” என்றீர்கள். அவன் நம்பினானோ என்னவோ. நான் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன்.

“காயில்ஓவரே போடு. நல்லா எறக்கி வை” என்று சொல்லிவிட்டுக் கிளம்பினீர்கள். செல்வம் தான் ஜெயித்துவிட்டதாகச் சிரித்தான்.

நாலு விரல் இறங்கியது. எனக்கு அது போதும். மறுநாளிலிருந்து நானே ஏறினேன், நானே இறங்கினேன். டீக்கடைக்காரர்கள் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். ஆனால் வண்டியின் வயிறு? ஹார்பர் ரோட்டில் ஒவ்வொரு வேகத்தடையிலும் அது தரையைப் பிறாண்டும். நீங்கள் வண்டியைக் கோணலாகத் திருப்பி, ஒரு சக்கரம் ஏறி மறு சக்கரம் ஏறி, பிள்ளைத்தாச்சியை நடத்துகிற மாதிரி தாண்டுவீர்கள். பின்னால் உப்பு லாரிகள் ஹாரன் அடிக்கும். “யோவ், பெருசு! மாட்டு வண்டி வாங்க வேண்டியதுதான?” என்று எட்டிப் பார்த்துக் கத்துவார்கள். நீங்கள் கையைக் காட்டி, “போப்பா, போ, கப்பல் ஒனக்காகத்தான் நிக்கி” என்பீர்கள். ஒவ்வொரு பிறாண்டலும் என் முதுகெலும்பில் கேட்கும். “வண்டி வயித்தச் சொறியுது அண்ணாச்சி” என்று நீங்களே ஒரு சிரிப்பும் சிரிப்பீர்கள். நான் ஜன்னலுக்கு வெளியே உப்புக் குவியலைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஒருநாள் கிட்டங்கிக்கு விடுமுறை. எனக்கு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியிருந்தது. வழியில் ரெண்டு கப்பல்காரர்களைப் பின்னால் ஏற்றிக்கொண்டு கேட்டுக்கு விரைந்தீர்கள். அவர்களுக்கு நேரமாகிவிட்டது. நீங்கள் கோணல் பிடிக்க மறந்து நேராகவே வேகத்தடையில் ஏற்றிவிட்டீர்கள். கீழே ஏதோ உடைந்தது. எஞ்சின் ஆயில் ரோட்டில் கறுப்பாக ஓடியது. அந்த ரெண்டு பேரும் ஏதோ பாஷையில் திட்டிக்கொண்டே பையைத் தூக்கிக்கொண்டு வேறு வண்டிக்கு ஓடினார்கள். கேட்டில் நின்ற டிரைவர்கள் சூழ்ந்துகொண்டார்கள்.

“காக்கா, வயசாச்சி ஒமக்கு. சின்னப் பயலுவ மாதிரி வண்டிய எறக்கி வச்சிருக்கீரு. உயத்தி வச்சா என்ன கொள்ள?”

நீங்கள் முன்சீட்டில் இருந்த என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “எனக்கு முதுகு வலிவே. ஏறி எறங்க இதான் தோது” என்றீர்கள்.

ஜன்னல் திறந்துதான் இருந்தது. எனக்கு வாய் இருந்தது. ‘இல்லவே, எனக்காகத்தான்’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ‘உயத்திருங்க காக்கா, என்னத் தூக்கி வச்சிக்கிடுங்க’ என்று திரும்பி வரும்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. உப்பு மூடை என்ற சொல் ஒரு தட்டில், உங்கள் மானம் ஒரு தட்டில். நான் தினமும் காலையில் எது கனம் என்று தெரிந்தே ஏறி உட்கார்ந்தேன். செல்வம் புது ஆயில் சட்டி மாட்டினான். வண்டி அதே தாழ்வில் நின்றது.

நோன்பு மாசத்தில் ஒரு காலை நீங்கள் வரவில்லை. வாசலில் காத்துக்கொண்டு நின்றேன். பிறகு உங்கள் மகன் போன் செய்தான். கபர்ஸ்தான் வரைக்கும் ஆட்டோவில் வந்தேன். வழியெல்லாம் தோள் மாற்றி, தோள் மாற்றி உங்களைத் தூக்கி வந்தார்கள். கேட்டு டிரைவர்கள் வந்திருந்தார்கள், செல்வமும் வந்திருந்தான். திட்டிய லாரிக்காரர்களில் ஒருவன்கூட ஓரமாக நின்றான். ரெண்டு எட்டாவது தோள் கொடுக்க வேண்டும் என்று எனக்கு இருந்தது. கட்டையை ஊன்றிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன். ஆட்டோவில் ஏறும்போதும் இறங்கும்போதும் யார் யாரோ தூக்கினார்கள். அன்றைக்கு ஒருவரும் சிரிக்கவில்லை. எனக்கும் அது அவமானமாகத் தோன்றவில்லை.

இப்போது வண்டி உங்கள் மகனிடம் இருக்கிறது. வெளிநாட்டு வேலையை விட்டு வந்துவிட்டான். தினமும் என் வாசலில்தான் முதலில் நிறுத்துகிறான். நீங்கள் சொல்லி வைத்தீர்களோ, அவனாகவேயோ, நான் கேட்கவில்லை. அவனும் கோணல் பிடித்து ஓட்டக் கற்றுக்கொண்டான். அவனைப் பார்த்தும் கத்துகிறார்கள். இன்று காலை பஞ்சர் கடைச் சத்தம் நின்ற கொஞ்ச நேரத்தில் அவன் வந்தான். நான் ஏறவில்லை.

“தம்பி, செல்வத்துக்கிட்டக் கொண்டுபோயி வளையத்தத் திருவி உயத்தச் சொல்லு.”

“நீங்க எப்பிடி மாமா ஏறுவீங்க?”

“அத நான் பாத்துக்கிடுதேன்.”

“வாப்பா இருந்தா ஏசுவாங்க.”

“ஒங்க வாப்பாவுக்கு முதுகு வலியே கெடயாதுடே” என்றேன். அவனுக்குப் புரியவில்லை. வாசலிலேயே நின்று எல்லாவற்றையும் சொன்னேன், நனைந்த சீட்டு உட்பட. கேட்டுவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போனான். சாயங்காலம் அது உயர்ந்து வந்து நின்றது. சீட்டு மறுபடி என் இடுப்புக்கு மேலே இருந்தது.

அந்தப் பையன் மெலிந்தவன், அவனுக்கு இடுப்பில் பழைய அடி ஒன்று உண்டு. அவன் ஒருவனால் என்னைத் தூக்க முடியாது. ஆகையால் கட்டையை ஊன்றிக்கொண்டு தெருக்கோடிக்குப் போனேன். அங்கே சூசை வலை முடிந்துகொண்டு உட்கார்ந்திருந்தான். அவனைப் பார்த்தால் அன்றைக்குத் தோணிப் பலகையில் நனைந்து கிடந்த என்னைத்தான் பார்ப்பேன் என்று இத்தனை வருஷம் அந்தப் பக்கம் திரும்பாமலே இருந்தேன். என்னைக் கண்டதும் அவன் எழுந்து நின்றுவிட்டான்.

“நாளைக்குக் காலைல வண்டியில ஏத்திவிட ஒரு கை வேணும்வே” என்றேன்.

ஊசியை வலையில் குத்தி வைத்தான். “தாரேன்” என்றான். பிறகு, “அன்னைக்கு வேகமா இழுத்துட்டேன். இந்தத் தடவ மெள்ளத் தூக்குதேன்” என்றான்.

காக்கா, உங்கள் ஒரு சொல்லைத்தான் நான் வைத்திருக்கிறேன். நின்றால் நிறைந்துவிட்டது என்று அர்த்தம். எந்தச் சத்தம் எங்கே நின்றாலும் அதைச் சொல்லிக்கொண்டுதான் அடுத்த மூச்சை விடுகிறேன். அந்தத் தோணிக்குச் சொந்தக்காரரான சம்மாட்டி போய்விட்டார். என்னோடு சங்கு குளித்தவர்கள் போய்விட்டார்கள். கரையில் என்னை மூங்கிலில் கட்டித் தூக்கி வந்தவர்கள் போய்விட்டார்கள். கடைசியில் நீங்களும் போய்விட்டீர்கள். என் பாரம் தெரிந்த கைகளில் இன்னும் உயிரோடு இருப்பவன் சூசை.