அசையாத மலைக்கு ஒரு விண்ணப்பம்

பிப்ரவரி 4

இல்லை, படம் எடுப்பதில்லை. அம்மாவுக்குப் போனில் இதைத்தான் வெகுநேரம் விளக்கிக்கொண்டிருந்தேன். செயற்கைக்கோள் ரேடார் அலையை அனுப்புகிறது. அது தரையில் பட்டுத் திரும்புகிறது. சில நாள் கழித்து அதே பாதையில் வந்து அதே இடத்தை மறுபடி தொடுகிறது. இரண்டு எதிரொலிக்கும் உள்ள வித்தியாசத்தில், தரை எத்தனை மில்லிமீட்டர் நகர்ந்தது என்று தெரிந்துவிடும். இருட்டு, மேகம் எதுவும் தடையில்லை.

"அதெல்லாம் சரிடி. மார்ச்சுக்கு அப்புறம் சம்பளம் வருமா?"

திட்டத்துக்கான நிதி மார்ச்சோடு முடிகிறது. நீட்டிக்கச் சொல்லி விண்ணப்பித்திருக்கிறோம். இருபதாம் தேதி நிதிக்குழு நேரில் கூப்பிட்டுக் கேட்கும். கிடைக்காவிட்டால் ஆய்வகத்தில் அதன் தலைவியான மேடம் மட்டும் மிஞ்சுவார்.

பிப்ரவரி 6

குழுவுக்கு முன் வாசிக்க வேண்டிய சுருக்கத்தின் முதல் வரியை மேடம் திரும்பத் திரும்ப மாற்றிக்கொண்டிருந்தார். "குடியிருப்புக்கு மேலுள்ள மலைச்சரிவு ஆண்டுக்கு ஒன்பது மில்லிமீட்டர் நகர்கிறது."

'நகர்ந்துகொண்டிருக்கிறது' என்று போட்டால் இன்னும் கொஞ்சம் திகிலாக இருக்கும் என்றான் கொசு. (என் பக்கத்து மேசை. வேலை செய்யும்போது ரீங்காரம் போடுவான்.) மேடம் சிரிக்கவில்லை. அப்படியே போட்டுவிட்டார்.

சரிவின் அடியில் ஒரு பள்ளிக்கூடம். எங்கள் இடைக்கால அறிக்கையைப் பார்த்துவிட்டு அதன் பின்கட்டைப் பூட்டியிருக்கிறார்கள். இரண்டு வகுப்புகள் ஒரே அறையில் உட்கார்ந்து படிக்கின்றனவாம்.

மலை நகர்ந்தால் எனக்கு வேலை உண்டு. இதை ஏன் எழுதினேன்?

பிப்ரவரி 9

அண்ணன் தன் காப்பீட்டு அலுவலகத்தில் ஓர் இடம் காலி என்றான். "ஏசி ரூம்."

பிப்ரவரி 11

குழுவுக்குக் காட்டும் போஸ்டர் அழகாக இருக்கட்டும் என்று ஆரம்பித்ததுதான்.

இதுவரை மலையையும் எங்கள் வளாகத்தையும் மட்டும் வெட்டியெடுத்துக் கணக்கிட்டு வந்தோம். எங்கள் கணினி அவ்வளவுதான் தாங்கும். இன்று பக்கத்துத் துறையின் பெரிய கணினியைக் கடன் வாங்கி, சுற்றுவட்டாரம் முழுவதற்கும் கணக்கை ஓட்டினேன். நகரும் மலை சிவப்பாக, நகராத மற்றதெல்லாம் பச்சையாக வரும் என்று எதிர்பார்த்தேன்.

எல்லாமே சிவப்பு. பேருந்துப் பணிமனை, ரயில்வே யார்டு, காலி மைதானம் — எல்லாம் ஆண்டுக்கு ஒன்பது மில்லிமீட்டர், செயற்கைக்கோளை நோக்கி.

சமவெளி எங்கே போய்ச் சரியும்?

கொசுவைக் கூப்பிட்டேன். ரீங்காரம் நின்றது.

"என்ன, ஊரே மாடியேறுதா?" என்றான். சிரித்தான். பிறகு சிரிப்பை விட்டுவிட்டு, "நாம எதை வெச்சு அளந்தோம்?"

எங்கள் வேலையில் எல்லாம் ஒப்பீடு. ஒரு புள்ளியை 'இது அசையாது' என்று வைத்துக்கொண்டு அதிலிருந்துதான் மற்றதை அளக்க வேண்டும். நாங்கள் மூவரும் கூடிப் பேசித் தேர்ந்தெடுத்த புள்ளி, நாங்கள் உட்கார்ந்திருக்கும் இதே கட்டடம். மொட்டைமாடித் தகரக் கூரையிலிருந்துதான் ஆகப் பளிச்சென்ற எதிரொலி வந்தது. நம் வீடு அசையுமா என்று யாருக்குத் தோன்றும்? புதுக் கட்டடம். குளத்தைத் தூர்த்துக் கட்டியது. அது உள்ளூர எல்லாருக்கும் தெரியும்.

மலை எங்கும் போகவில்லை. நாங்கள்தான் இறங்கிக்கொண்டிருக்கிறோம்.

முதலில் வந்தது நிம்மதி. அந்தப் பின்கட்டு. அந்தப் பிள்ளைகள். நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டேன். அதற்குப் பின்னாலேயே — போச்சு, எல்லாம் போச்சு, இருபதாம் தேதி என்னத்தச் சொல்றது.

பிப்ரவரி 12

மேடம் வரைபடத்தை நெடுநேரம் பார்த்தார். வேறு நாலு புள்ளிகளை வைத்து ஓட்டச் சொன்னார். நாலிலும் மலை அப்படியே நின்றது.

உடனே பள்ளிக்குப் போன் போட்டார். அடுத்து வளாகப் பொறியாளருக்கு. அவர் வந்து சுவர்களைத் தட்டிப் பார்த்தார். விரிசல் இல்லை, ஒரே சீராக இறங்குகிறது, ஆபத்தில்லை என்றார். "நீங்க எல்லாரும் நாள் பூரா உக்காந்திருக்கீங்க. கட்டடம் கொஞ்சம் உக்காரக் கூடாதா?"

சுருக்கத்தின் முதல் வரியை மேடமே அடித்தார்.

"அப்ப என்னன்னு கேக்குறது மேடம்? ஒண்ணும் நடக்கல, காசு குடுங்கன்னா?" என்றான் கொசு.

"ஆமா. அப்படித்தான் கேக்கணும். வேற வழி வெச்சிருக்கியா?"

பிப்ரவரி 20

நீளமான மேசை. எதிரில் ஐந்து பேர். மேடம் சுற்றி வளைக்காமல் எல்லாவற்றையும் சொன்னார். தவறு எங்கே, எப்படிக் கண்டுபிடித்தோம், இப்போது மலை எப்படி இருக்கிறது.

நிதி அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். "போன வருஷம் நகருதுன்னீங்க. இப்ப நகரலைங்கிறீங்க. நகராத மலையப் பாக்க எதுக்கு நிதி?"

ஓரத்தில் இருந்த அம்மாள் பேனாவை மூடினார். அந்தப் பள்ளியின் தலைமையாசிரியை. குடியிருப்பின் சார்பில் குழுவில் இருப்பவர். என்னைப் பார்த்தார், மேடத்தை அல்ல.

"உங்க அறிக்கையால எங்க பின்கட்டு எட்டு மாசமா பூட்டிக் கிடக்கு. மழை பேஞ்சா பெத்தவங்க ஓடி வந்து பிள்ளைங்களக் கூட்டிக்கிட்டுப் போறாங்க. அதுக்கு உங்க மேல எனக்குக் கோபம் இருக்கு. சும்மா இல்ல, நிறைய."

"இருக்கணும்," என்றேன்.

அவர் நிதி அதிகாரியிடம் திரும்பினார். "இப்ப அசையலன்னு சொல்றாங்க. சந்தோஷம், பூட்டைத் திறந்துடுவேன். ஆனா இவங்க மூட்டையக் கட்டிக்கிட்டுப் போயிட்டா, அடுத்த மழைக்கு நான் யாரைப் போய்க் கேக்குறது? எனக்கு வேண்டியதே அந்த 'ஒண்ணுமில்ல'தான் சார். அதை மாசா மாசம் ஒருத்தர் பாத்துச் சொல்லணும்."

"எத்தனை காலத்துக்கும்மா பாக்குறது?" — இது அதிகாரி, எங்களைப் பார்த்து.

"மலை இருக்கிற வரைக்கும்," என்றேன். யோசித்துச் சொன்னதில்லை. மேசைக்கடியில் கொசு என் காலை மிதித்தான். அதிகாரி எதையோ எழுதிக்கொண்டார்.

பிப்ரவரி 24

பதில் இல்லை. இன்று கொசு ரீங்காரம்கூடப் போடவில்லை.

மார்ச் 2

வந்துவிட்டது. இன்னும் இரண்டு வருடம். நிபந்தனை இரண்டு: ஒரே புள்ளியை நம்பி அளக்கக் கூடாது; மாதம் ஒரு பக்கம், பெற்றோர் படித்தால் புரிகிற மாதிரி, பள்ளிக்குத் தர வேண்டும்.

மேடம் அதை இரண்டு முறை உரக்கப் படித்தார். பிறகு நான் கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். நல்ல அழுகை. முகம் கழுவிவிட்டு அம்மாவைக் கூப்பிட்டேன்.

"அப்ப அண்ணன்கிட்ட வேண்டாம்னு சொல்லிடவா?"

"சொல்லிடும்மா."

"அந்த ஏசி ரூமுக்கு நான் போகலாமான்னு கேட்டுப் பாக்குறேன்."

மார்ச் 5

காலையில் முதல் பக்கத்தை எடுத்துக்கொண்டு பள்ளிக்குப் போனேன். பின்கட்டின் ஜன்னல்களை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்கள். தலைமையாசிரியை நின்றபடியே படித்தார். சிவப்புப் பேனாவால் 'பார்வைக்கோட்டுத் திசையில் இடப்பெயர்ச்சி' என்பதை அடித்தார். அதற்கு மேலே இரண்டு வரி, கீழே மூன்று வரி, அவற்றையும் அடித்தார்.

"ஒரு அப்பா வேலைக்குப் போற அவசரத்துல இதைப் படிக்கிறாரு. என்ன புரியும் அவருக்கு?"

அங்கேயே, ஜன்னல் திண்டில் வைத்து மாற்றி எழுதினேன். 'மலை இந்த மாதம் நகரவில்லை. அடுத்த மாதமும் பார்த்துச் சொல்வோம்.'

"இப்ப சரி," என்றார். இன்னும் சிரிக்கவில்லை என்னிடம். அறிவிப்புப் பலகையில் குத்தினார்.

மதியம் ஆய்வகத்துக்கு வந்து, இதுவரை சேர்ந்த இரண்டு வருடத் தரவையும் புதிய புள்ளிகளை வைத்து முதலிலிருந்து ஓட்டவிட்டேன்.