தாங்கிக்குள் உறைந்தது

2024 ஒக்டோபர் 21, திங்கள்

கம்பிங் வானின் குளியலறைத் தட்டில் கணுக்கால் அளவுக்கு அழுக்குநீர் நிற்கிறது. அடியிலுள்ள கழிவுநீர்த் தாங்கியின் வாயைத் திறந்தால் ஒரு சொட்டும் வரவில்லை. பதறாமல் எழுதிக்கொள்கிறேன்.

1. அடைத்திருப்பது என்ன பொருள் என்று அறிதல்.
2. வண்டியைக் கழற்றாமல் அதை வெளியேற்றுதல்.
3. சனிக்கிழமைக்குள் முடித்தல்.
4. ஞானேஸ்வரிக்குத் தெரியக் கூடாது. தெரிந்தால் வரமாட்டாள்.

நான்காவதுதான் முக்கியம். சிறுநீர்ப்பை ஒப்பரேசனுக்குப் பிறகு என் மனைவி சுவிஸில் நாங்கள் இருக்கும் நொஷாட்டலை விட்டு எங்கும் போனதில்லை. ரயிலில் கழிவறை பூட்டியிருந்தால் என்ன செய்வது என்ற பயம். கழிவறையுள்ள குளியலறை கூடவே வந்தால் வருவேன் என்றாள். அதற்காகத்தான் இந்தப் பழைய வானை வாங்கினோம். கோடையில் பக்கத்து ஏரிக்கரையில் மட்டும் தங்கிப் பழகினோம். சனிக்கிழமை டாவோஸில் அவளுடைய அக்காவுக்கு எழுபதாவது பிறந்தநாள்.

22, செவ்வாய்

ரெனானில் வாகனம் திருத்தும் கராஜ் வைத்திருக்கும் என் தங்கையின் மகன் கிஷோபனுடன் கதைத்தேன். அடுத்த கிழமைதான் நேரமாம். "மாமா, தாங்கிக்குள்ள கலியாணச் சமையல் ஏதும் நடத்தினீங்களோ?" நானும் சிரித்தேன். போனை வைத்த பிறகு சிரிப்பு வரவில்லை.

அரிசி கழுவிய நீரின் மா படிந்திருக்குமோ? அல்லது சோறா? பார்க்காமல் எப்படிச் சொல்வது.

23, புதன்

கையுறை போட்டு வண்டிக்கடியில் படுத்தேன். ஞானேஸ்வரி யன்னலால் பார்க்கிறாளோ என்று இரண்டு தடவை எழும்பிப் பார்த்தேன். நீளக் கரண்டியின் காம்பை வாய்க்குள் விட்டுத் துழாவினால், மெழுகு போல ஒரு வெள்ளைக் கட்டி. சோறில்லை. மணந்து பார்த்தேன். நாற்றத்துக்கு அடியில் தெரிந்த ஒரு வாசம் — ஆனால் எது? போத்தலில் போட்டு ஹீற்றருக்கு மேல் வைத்துக் காவலிருந்தேன். ஓரங்கள் கரைந்து, கண் முன்னாலேயே தெளிந்த எண்ணெயாகிவிட்டது.

தேங்காயெண்ணெய்.

கோடையில் வானுக்குள் அவள் வடையும் வாய்ப்பனும் சுட்டாள். பொரித்த தாச்சியைக் கழுவியது நான். மிஞ்சிய எண்ணெயைத் தொட்டியில் ஊற்றி, குழாயில் ஒட்டக் கூடாதென்று பின்னால் ஒரு கேத்தல் கொதிநீரும் ஊற்றுவேன். குழாய் சுத்தமாகத்தான் இருந்தது. எல்லாம் தாங்கிக்குள் போய்ச் சுவரில் ஒட்டிக்கொண்டு, குளிர் வந்ததும் உறைந்திருக்கிறது. நல்லெண்ணெய் என்றால் இப்படி உறைந்திராது. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் இரசாயனவியல் படித்தவனுக்கு இது ஏன் அப்போது தோன்றவில்லை?

24, வியாழன்

கொதிநீர்ப் பையைத் தாங்கியின் வாயோடு துணியால் கட்டினேன். கொஞ்ச நேரத்தில் நூல் போல ஒழுகத் தொடங்கியது. என்ன சந்தோசம்! வாளியில் பிடித்து வீட்டுக் கழிவறைக்குச் சுமந்தேன். மூன்றாவது வாளியோடு வரும்போது அவள் படியில் நிற்கிறாள்.

"இஞ்சருங்கோ, என்ன அது?"

பொய் சொல்லத் தெரியாது. எல்லாவற்றையும் சொன்னேன். திரும்பி உள்ளே போய்விட்டாள்.

முடிந்தது. இனி வரமாட்டாள். ஏன் வாளியை மூடவில்லை நான்?

25, வெள்ளி

காலையில் பெரிய பானை நிறையச் சுடுநீரோடு வந்து நின்றாள். பாத்திரம் கழுவும் சோப்பும் கலந்திருந்தாள். "ஊத்துங்கோ. பிறகு ஓடுவம். ஓடினாத்தானே உள்ளுக்கை குலுங்கும்." முன் இருக்கையில் ஏறி பெல்ற்றும் போட்டுவிட்டாள்.

மலைப்பாதையில் வழக்கம் போல மெதுவாகப் போனேன். பின்னால் ஹோர்ன்.

"பிள்ளைத்தாச்சியை ஏத்தின மாதிரி ஓடினா எண்ணெய் நித்திரையாப் போயிடும். பிறேக்கை அடியுங்கோ."

அடித்தேன். காலடியில் தாங்கி சளார் என்றது. சிரித்தாள். "இன்னொருக்கா."

மேலே ஒரு கபேயில் நிறுத்தச் சொன்னாள். தனியே இறங்கிப் போனாள். கண்ணாடிக்கூடாகப் பார்த்தேன்: கடைக்காரியிடம் ஏதோ கேட்டு, அவள் காட்டிய பக்கம் போனாள். திரும்பி வந்து, பூ வைத்த நல்ல கழிவறை என்றாள். நான் வண்டியை எடுத்தேன். எங்கள் குளியலறை பின்னால் பூட்டியபடியே இருந்தது.

கம்பிங் தரிப்பிடத்தின் கழிவுநீர் விடும் இடத்தில் தாங்கியைத் திறந்தோம். மஞ்சள் மஞ்சளாகக் கொட்டியது. அவளும் குனிந்து பார்த்தாள்.

27, ஞாயிறு — டாவோஸ்

அக்கா வீட்டில் வடை. எண்ணெயை நானே போத்தலில் வடித்தேன்.

வரும் வழியில் அவளுக்காக மூன்று கபேயில் நிறுத்தினோம். வண்டியின் குளியலறை வேலை செய்கிறது. அவள் ஒருமுறையும் அதற்குள் போகவில்லை.

திங்கட்கிழமை எழுதிய நான்காவது குறிப்பு பிழை. தெரிந்ததால்தான் வந்தாள்.