பக்கத்து நம்பர்

தியாகராய நகர்,
14-5-1978

அன்புள்ள ராஜரத்தினம் அண்ணனுக்கு,

தங்கை வடிவு வணக்கத்துடன் எழுதுவது. இங்கே மூவரும் நலம். அம்மாவின் முழங்கால் வலிதான் அப்படியே இருக்கிறது. பம்பாயில் அந்த மாதுங்கா மெஸ்ஸில் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா, படுக்க இடம் இருக்கிறதா என்று அம்மா கேட்கச் சொன்னாள். நாலு மாதத்தில் ஒரே ஒரு கார்டு போட்டாய். அதிலும் "கணக்கு என் தலையில் ஏறாது, இனிமேல் பரீட்சைப் பேச்சை எடுக்காதீர்கள்" என்று இரண்டே வரி. அம்மா அதை முருகன் படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருக்கிறாள்.

நான் மார்ச் மாதம் பாங்கில் சேர்ந்துவிட்டேன். ராஜா அண்ணாமலைபுரம் கிளை. எல்லோரும் நன்றாகத்தான் பழகுகிறார்கள். எனக்குத்தான் அந்த நாற்காலியில் உட்கார உடம்பு கூசுகிறது. ஏன் என்று இன்று எழுதிவிடப் போகிறேன். கோபம் வந்தால் படித்து முடித்த பிறகு கிழித்துப் போடு, பாதியில் கிழித்துவிடாதே.

அப்பா உன்னோடு என்னையும் பாங்குப் பரீட்சைக்கு விண்ணப்பிக்கச் சொன்னது எதற்கு என்று உனக்குத் தெரியும். இரண்டு விண்ணப்பத்தையும் ஒரே கவரில் போட்டால் நம்பர் அடுத்தடுத்து வரும், பக்கத்தில் பக்கத்தில் உட்காரலாம் என்று அவர் வேலை பார்க்கும் ஜவுளிக்கடையில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். "நீ பாஸாக வேண்டாம்ட்டி, அவன் பாத்து எழுதுறதுக்குத் தோதா உக்காந்தா போதும்" என்று சொல்லித்தான் என்னிடம் கையெழுத்து வாங்கினார். டுடோரியலுக்குப் போனது நீ. உன் கோழிக் கிறுக்கலைப் பார்த்து நோட்டைச் சுத்தமாக எழுதி வைத்தது நான். எழுதி எழுதியே எனக்கு அல்ஜீப்ரா வந்துவிட்டது. அது வீட்டில் யார் கண்ணிலும் படவில்லை.

நினைத்தபடியே உனக்கு 4117, எனக்கு 4118. நம் இருவருக்கும் ஓர் ஏற்பாடும் இருந்தது. ஒரு தரம் இருமினால் பார்க்கலாம், இரண்டு தரம் இருமினால் நிறுத்திவிட வேண்டும்.

கோபாலபுரம் பள்ளிக்கூடத்து ஹாலில் நான் ஒரு தரம் இருமினேன். விடைத்தாளைக் கொஞ்சம் உன் பக்கம் தள்ளியும் வைத்தேன். நீ என் தாளில் கறுத்திருந்த கட்டங்களை வரிசையாகப் பார்த்து உன் தாளிலும் அப்படியே கறுப்பாக்கத் தொடங்கினாய். அப்போதுதான் உன் கேள்விப் புத்தகத்தின் அட்டையைப் பார்த்தேன். என்னுடையது வெள்ளை, உன்னுடையது மஞ்சள். கேள்விகள் அதேதான், வரிசைதான் வேறு. நீ அதைக் கவனிக்கவில்லை. பாலத்தைத் தாண்டுகிற ரயில் கணக்கு எனக்கு முப்பத்தொன்றாவது, உனக்குப் பதினாலாவது.

அந்தக் கணக்கை நீயே போட்டு முடித்திருந்தாய், அண்ணே. ஓரத்தில் வழக்கம்போலத் தீப்பெட்டிப் படம்கூட இருந்தது. ரயில் நூற்றிருபது மீட்டர், பாலம் நூற்றெண்பது மீட்டர், ஆக முந்நூறு; வேகம் விநாடிக்குப் பதினைந்து மீட்டர். விடை இருபது விநாடி. சரியான கட்டத்தைக் கறுப்பாக்கியும் இருந்தாய். அப்புறம் என் தாளில் பதினாலுக்கு வேறு கட்டம் கறுத்திருப்பதைப் பார்த்துவிட்டு, ரப்பரை எடுத்து அதை அழித்தாய். அதற்குமேல் பன்னிரண்டு, பதினொன்று என்று ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டே போனாய்.

நான் இரண்டு தரம் இருமவில்லை.

முதலில் பயம்தான். சூப்பர்வைசர் கதவோரம் நின்றிருந்தார். ஆனால் அவர் பின்பக்கம் போய்ப் பத்து நிமிடம் வரவே இல்லை. அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை. 'நீ பாஸாக வேண்டாம்ட்டி' என்ற பேச்சுதான் காதில் கேட்டுக்கொண்டிருந்தது. அழிக்கட்டும், நன்றாக அழிக்கட்டும் என்று நினைத்தேன். கோபம் அப்பாமேல். பலன் உன் தலையில் விழுந்தது. இதைவிடக் கேவலமான காரியம் நான் செய்ததில்லை.

ரிசல்ட் வந்த அன்று, "காப்பியடிக்கக்கூடத் துப்பில்லாத பய" என்று அப்பா தெருவே கேட்கச் சொன்னாரே, அப்போதாவது நான் சொல்லியிருக்க வேண்டும். உள்ளே அரிசி களைந்துகொண்டு நின்றேன். மறுநாள் நீ பம்பாய் ரயில் ஏறிவிட்டாய். உனக்குக் கணக்கு வராது என்று அவர் நினைத்தால் நினைத்துவிட்டுப் போகட்டும். நீயும் அப்படி நினைத்துக்கொண்டு எச்சில் தட்டு எடுப்பதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

ரயில் நீளத்தைக் கூட்ட மறந்து நான் எத்தனை தரம் தப்பாகப் போட்டிருப்பேன்! அடுக்களை மேடையில் தீப்பெட்டியை நகர்த்தி, "எஞ்சின் தாண்டுனா ஆச்சா? கடைசிப் பெட்டியும் பாலத்தை விட்டு இறங்கணும்லா" என்று சொன்னது நீதான். அன்றைக்கு முப்பத்தொன்றாவது கேள்விக்கு எனக்கு மார்க் வாங்கிக் கொடுத்தது அந்தத் தீப்பெட்டி.

நேற்று அப்பாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அடிப்பார் என்று நினைத்தேன். பிசைந்த சோற்றை அப்படியே வைத்துவிட்டு, "அப்போ அவனுக்குக் கணக்குத் தெரியுமாட்டி?" என்று மட்டும் கேட்டார். தெரியும், எனக்கே அவன்தான் சொல்லிக்கொடுத்தான் என்றேன். கை கழுவிவிட்டு எழுந்து போய்விட்டார். உன் பெயரை அவர் எடுப்பதில்லை. ஆனால் பம்பாயிலிருந்து கடைக்குச் சேலை கொண்டுவரும் சர்தாரிடம், மாதுங்கா எப்படிப்பட்ட இடம் என்று விசாரித்தாராம்.

மறுபடி பரீட்சை அறிவித்திருக்கிறார்கள். இந்தத் தடவை விட்டால் உனக்கு வயது தாண்டிவிடும். விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்து இத்துடன் வைத்திருக்கிறேன். கையெழுத்து நீ போட வேண்டும். ஜூன் பத்தாம் தேதிக்குள் போய்ச் சேர வேண்டும், நீயே தபாலில் சேர்த்துவிடு. தனிக் கவரில் போகிறது, பக்கத்து நம்பர் யாரோ முன்பின் தெரியாதவருடையதாக இருக்கும். பரீட்சை எழுதும் ஊர் என்ற இடத்தை மட்டும் காலியாக விட்டிருக்கிறேன். பம்பாய் என்று நீ எழுதினால் எனக்கு வருத்தப்பட உரிமை இல்லை. சென்னை என்று எழுதினால் எந்த ரயில் என்று ஒரு கார்டு போடு. சென்ட்ரலுக்கு நாங்கள் மூவரும் வருவோம்.

என்னை மன்னிக்காவிட்டாலும் பரவாயில்லை, பரீட்சை எழுது. வடபழனி முருகன் உன் கூடவே இருப்பான். நன்றாகச் சீவிய பென்சில் இரண்டு எடுத்துக்கொண்டு போ. ரப்பர் வேண்டாம், அண்ணே.

உன் தங்கை,
ச. சண்முகவடிவு