நான் கை தூக்கிய ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள அண்ணாச்சி,

நேற்று மாதா கோயில் வாசலில் உங்களுக்கு அஞ்சலி பிளெக்ஸ் வைத்திருந்தார்கள். வெயிலில் சூடேறிய புது மையின் வாடை தெருவரை அடித்தது. பதினெட்டு வருஷமாக ஆப்செட் மெஷினோடு கிடக்கிறவன் நான். மை வாடைக்கு முகம் சுளிக்கிற ஆள் இல்லை. முகம் சுளிக்க வைத்தது அதிலிருந்த எழுத்து. உங்கள் படத்துக்கு மேலே ‘பாடற்குழுவின் தந்தை’. கீழே வரிசையாக, உங்களை அந்தக் குழுவை விட்டே துரத்திய, கோயில் நிர்வாகம் பார்க்கிற பங்குப் பேரவைக்காரர்களின் சிரித்த முகங்கள். ஓரத்தில், பாடற்குழு சார்பில், என் முகமும் இருந்தது.

ஐரோப்பாவில் ஏழு வருஷம் பழைய காலத்து லத்தீன் கோயில் பாட்டுகளை மட்டுமே பாடுகிற குழுக்களை நடத்திவிட்டு, அம்மாவுக்கு முடியவில்லை என்று சிவகாசிக்குத் திரும்பி வந்தீர்கள். பகலில் காலண்டர் அச்சகத்தில் பிழை திருத்துவீர்கள். தீபாவளி முடிந்து பட்டாசுக் கம்பெனிகள் அடைத்துக் கிடக்கும் நாட்கள்தான் நமக்கு ஒத்திகைக் காலம். கைரேகையில் அலுமினியப் பவுடர் போகாத பெண்களும் அச்சகத்து ஆண்களுமாக இருபது பேர். வாத்தியம் கிடையாது. நான்கு வகைக் குரல்கள் ஒன்றன்பின் ஒன்றாக நுழைந்து பின்னிக்கொள்ளும். நான் அடிக்குரல். நான் கத்தும்போதெல்லாம் நிறுத்திவிடுவீர்கள்.

“ஏலே, ஒங் குரலு ஒனக்குக் கேட்டா நீ தப்பாப் பாடுறேன்னு அர்த்தம். பக்கத்துல நிக்கிறவுகளக் கேளுலே.”

முதல் கிறிஸ்துமஸ் பூசையில் நீங்கள் பழக்கிய லத்தீன் பாட்டைப் பாடி முடித்தபோது கோயிலில் ஒருவர்கூட இருமவில்லை. பட்டாசுக்குத் திரி சொருகும் வேலை பார்க்கிற செல்வி அழுதாள். ஏனென்று அவளுக்கே தெரியவில்லை.

பிறகு என் அச்சக முதலாளி, தன் அப்பா நினைவாகக் கோயிலுக்குக் கீபோர்டும் ஆளுயர ஸ்பீக்கரும் வாங்கிக் கொடுத்தார். எல்லாப் பாட்டுக்கும் கீபோர்டு ஒலித்தாக வேண்டும் என்றது பேரவை.

“மத்த பாட்டுக்கு வாசிங்க, வேண்டாங்கல. இந்த லத்தீன் பாட்டுக்கு மனுசத் தொண்ட போதும்” என்றீர்கள்.

அந்த ஞாயிறு பூசை முடிந்ததும் பாடற்குழுவை நிற்கவைத்து, கீபோர்டு வேண்டும் என்பவர்கள் கை தூக்குங்கள் என்றார்கள். முன்வரிசையில் முதலாளி உட்கார்ந்திருந்தார். முதல் கை என்னுடையது. என்னைப் பார்த்துத்தான் மற்றவர்களும் தூக்கினார்கள். நீங்கள் பாட்டுத் தாள்களை அடுக்கிப் பைக்குள் வைத்துக்கொண்டு, “சாப்பிடப் போலே, மணியாச்சு” என்றீர்கள். அதற்காக உங்கள்மேல் எனக்கு இன்னும் எரிச்சல் உண்டு. நாலு வார்த்தை ஏசியிருக்கலாம்.

அன்றோடு குழுவை விட்டுப் போய், சாகும்வரை ஆமத்தூரில் ஆறே பேரை வைத்துப் பாடினீர்கள். பஸ் ஏறினால் அரைமணி நேரம். ஒருநாளும் நான் வரவில்லை.

நேற்று உங்களுக்கு அஞ்சலி என்று அதே பாட்டைக் கீபோர்டோடு பாடினோம். நடுவே எல்லாக் குரலும் நிற்கிற இடம் வருமே, கூரையில் சத்தம் அடங்கட்டும் என்று நீங்கள் கையை உயர்த்தியே வைத்திருப்பீர்களே, அங்கே வந்தது வினை. திரி கொளுத்தியும் சத்தம் வராவிட்டால் வெடி புஸ்ஸாகிவிட்டது என்று நினைக்கிற ஊர் இது. நாங்கள் பாட்டை மறந்துவிட்டோம் என்று நினைத்துக் கீபோர்டுக்காரர் டிரம்ஸ் பொத்தானை அழுத்திவிட்டார். சனம் கைதட்டியது. முதலாளி தொடையில் தாளம் போட்டார். சீ!

பிறகு உங்களைப் பற்றி இரண்டு வார்த்தை பேசச் சொல்லி என்னிடம் மைக்கைக் கொடுத்தார்கள்.

“அண்ணாச்சி தானாப் போகல. நாமதான் வெரட்டுனோம். மொதக் கை நாந்தான் தூக்குனேன்” என்றேன். மைக்கை அணைத்துவிட்டார்கள். முதலாளி என் பக்கம் திரும்பவே இல்லை. நாளை வேலைக்குப் போனால்தான் என்ன ஏது என்று தெரியும்.

பெரிய காரியம் செய்துவிட்டவன்போல நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வெளியே வந்தேன். செல்வி செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டாள்: “இப்பச் சொல்லி என்னண்ணே? அவுக ஆமத்தூருல இருந்தப்ப ஒங்களுக்கு எம்புட்டு நாளு இருந்துச்சு?”

அந்த பிளெக்ஸைவிட என்மேல்தான் எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

உங்களிடமிருந்து என்னிடம் மிச்சமிருப்பது அந்தப் பாட்டின் அடிக்குரல் வரி ஒன்றுதான். இன்று காலை வீட்டில் தனியாகப் பாடிப் பார்த்தேன். மற்ற மூன்று குரலும் இல்லாமல் அது பாட்டே இல்லை, அண்ணாச்சி. கேட்கச் சகிக்கவில்லை. ஆனாலும் கடைசிவரை பாடினேன்.